தேறாத ஆறு பேர்

ஒரே பள்ளிக்கூடம் கொண்ட டில்பரி பள்ளி மாவட்டத்தில் மொத்தம் எழுபத்தோரு பிள்ளைகள். அவர்கள் யார், எவர், என்ன படிக்கிறார்கள் என்று மாநில அரசுக்கு வருடாவருடம் விவரம் அனுப்பியவர் லவோன் ஸ்ட்ரூப். அலுவலகச் செயலர் என்பது பதவியின் பெயர். காய்ச்சல் பார்ப்பது, வியாழக்கிழமைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டுவது, கூட்டங்களில் குறிப்பெடுப்பது எல்லாம் அந்தப் பெயரில் அடங்கவில்லை; சம்பளத்திலும் அடங்கவில்லை. இருபத்தாறு வருடமாக இப்படித்தான்.

அதை வைத்து அரசு அச்சிடும் அறிக்கை பிள்ளைகளை வகுப்பு, இனம், வருமானம், வீட்டில் பேசும் மொழி என்று கட்டம் போட்டுப் பிரிக்கும். பெரிய ஊர்களில் அதற்குப் புள்ளிவிவரம் என்று பெயர். நெப்ராஸ்காவின் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே உட்கார்ந்திருந்த டில்பரியில் அதற்கு வம்பு என்று பெயர். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு பையன் இருப்பான். அவன் நாயின் பெயர்கூட ஊருக்குத் தெரியும். அதனால் அரசு ஒரு விதி வைத்திருந்தது: பத்துப் பேருக்குக் குறைந்த கட்டத்தில் எண் அச்சாகாது, ஒரு நட்சத்திரக்குறி மட்டும் வரும். டில்பரியின் அறிக்கை ஆண்டுதோறும் நட்சத்திரம் நிறைந்த இரவு வானமாக வந்து சேர்ந்தது.

பதினெட்டு மைல் தள்ளி இருந்த மார்வில்லுக்கு இது பெரிய வேடிக்கை. அறுநூறு பிள்ளைகளும் ஒரு போக்குவரத்து விளக்கும் இருந்த திமிர். கால்பந்து ஆட்டத்துக்கு வரும்போதெல்லாம், “ஏம்ப்பா, உங்க புள்ளைங்க பாஸா ஃபெயிலா? அது உங்களுக்காவது தெரியுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். கேலியோடு விடவில்லை, நவம்பரில் இரண்டு மாவட்டத்தையும் இணைக்க டில்பரியில் வாக்கெடுப்பு வரப்போகிறது என்றார்கள். இணைந்தால் டில்பரி பள்ளிக்குப் பூட்டு. லவோனின் மேசைக்கும்தான். மார்வில்லில் ஏற்கெனவே மூன்று செயலர்கள், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரே ஒரு எண் அச்சில் வந்தால் அவர்கள் வாயை அடைத்துவிடலாம் என்று லவோன் கணக்குப் போட்டார். நாலாம் வகுப்பில் ஒன்பது பேர். இன்னும் ஒன்று வேண்டும்.

இரண்டு மாவட்டங்களின் எல்லையோரம் இருந்த பால் பண்ணைக்கு வேலைக்கு வந்த யெசெனியாவுக்கு அந்த வயதில் ஒரு பெண் இருந்தாள், இட்ஸெல். எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது தாயின் விருப்பம். ஜனவரிக் குளிரில் லவோன் ஒரு தட்டு லவங்கப்பட்டை ரொட்டிச் சுருளோடு போய்க் கதவைத் தட்டினார்.

“மார்வில் பஸ் காலைல ஆறரைக்கே வந்துடும். எங்க பஸ் ஏழரைக்கு. வியாழக்கிழமை நானே ஓட்டுறேன், ஏழே முக்காலுக்கு வந்தாலும் நிப்பேன்.”

யெசெனியா ஒரு சுருளைப் பிய்த்து வாயில் போட்டார். “பள்ளிக்கூடத்துல இது தினமும் குடுப்பீங்களா?”

“பீன்ஸும் கறியும் போட்டு மிளகாய்ச் சாறு சமைக்கிற அன்னிக்கு மட்டும். எங்க ஊர்ல ரெண்டையும் சேத்துத்தான் திங்கணும்.”

“மிளகாயோட இனிப்பா?” யெசெனியா லவோனை ஏற இறங்கப் பார்த்தார். “சரி, அவளை அனுப்புறேன். பாவம், உங்களுக்கு யாராவது சமைக்கச் சொல்லித்தரணும்.”

ஏப்ரலில் பத்துப் பேர் கணிதத் தேர்வு எழுதினார்கள். அக்டோபரில் அறிக்கை வந்தது. டில்பரியின் வரலாற்றில் முதல் எண்: தேர்ச்சி நாற்பது விழுக்காடு. மார்வில்லுக்கு ஐம்பத்தெட்டு.

லவோன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருடம் அரசு காப்பாற்றிவந்த மானத்தை ஒரு தட்டு ரொட்டியைக் கொடுத்து அவரே வாங்கிவிட்டிருந்தார்.

“ஆறு பேர் தேறலையாமே! யாரு அந்த ஆறு?” என்று மறுநாளே அலுவலகத்தில் வந்து நின்றார் தீவனக் கடைக்காரரும் பள்ளிக் குழுத் தலைவருமான டுவேன் கோலர்.

“சட்டப்படி சொல்லக்கூடாது டுவேன்.”

“காபிக் கடையில கேட்டேன். பத்துக்கு ஒம்பது பேர் எங்க புள்ள பாஸுங்கறான்!”

“அப்ப எல்லாரும் பாஸுன்னு வெச்சுக்கயேன்.”

“எம்மகன் பாஸ்தான். கடிதாசி வந்துச்சு.”

“அதைத்தான் ஒம்பது பேரும் சொல்றாங்க.”

வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். மார்வில் பள்ளிகளின் கண்காணிப்பாளர் டாக்டர் ஹாஸ் திரை கட்டி, நாற்பது என்ற எண்ணை ஒரு கன்றுக்குட்டி உயரத்துக்குக் காட்டினார். கூட்டம் தரையைப் பார்த்தது. லவோன் குறிப்பேட்டைப் பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து யெசெனியா எழுந்தார்.

“அந்த ஆறுல ஒண்ணு எம்பொண்ணு. ரெண்டு வருஷத்துல நாலு பள்ளிக்கூடம் மாறியிருக்கா, பின்னக் கணக்கு எங்கேயோ வழியில விட்டுப்போச்சு. சரி, உங்க ஊர்ல தேறாத புள்ளைங்க யாரு யாருன்னு சொல்லுங்க சார்.”

ஹாஸ் சிரித்தார். “நாப்பத்தஞ்சு பேர்ல பத்தொம்பது பேரும்மா. பேரெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும்?”

“பேரே தெரியாதா?” என்றார் முன்வரிசைக் கிழவர் ஒருவர், உண்மையான அதிர்ச்சியோடு.

டில்பரிக்கு அப்போதுதான் தன் பெருமை எது என்று பிடிபட்டது. ஒரு தந்தை எழுந்து, “எம்மவனும் ஃபெயிலுதான்!” என்றார், பரிசு வாங்கப் போகிறவர் போல. இன்னொருவர், இன்னொருவர். ஆறும் நிறைந்தது. ஆனால் ஊர் வேகம் பிடித்திருந்தது. ஏழாவதாக ஒரு தாய் எழுந்தார். எட்டாவதாக டுவேன் நெஞ்சை நிமிர்த்தி, “எங்க வீட்டுப் பயலும் மண்ணுதான்! இப்ப என்னாங்கறீங்க?” என்று முழங்கினார். கைதட்டலில் திரை ஆடியது.

கடைசி இரண்டு பேர் சொல்வது பச்சைப் பொய் என்று அந்தக் கூடத்தில் லவோன் ஒருவருக்கே உறுதியாகத் தெரியும். சட்டப்படி வாயைத் திறக்க முடியாது. குறிப்பேட்டில் “பெற்றோர் சிலர் பேசினர்” என்று எழுதினார்.

இணைப்பு தோற்றது: நூற்றுப் பதினெட்டுக்குத் தொண்ணூற்றேழு.

வெற்றி பெற்ற ஊர், தேறாத பிள்ளைகளைக் கைவிடக்கூடாது என்று அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டது: செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் பின்னக் கணக்கு. ஊரறிய ஒப்புக்கொண்ட எட்டுப் பேரின் பிள்ளைகளும் வந்தாக வேண்டும். முதல் வியாழன் ஐந்து மணிக்குப் பேருந்தில் கடைசியாக ஏறியவன் டுவேனின் மகன். தொண்ணூற்றிரண்டு மதிப்பெண் வாங்கியவன்.

“மிஸஸ் ஸ்ட்ரூப், நான் பாஸுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்ப எங்கப்பாகிட்ட சொல்லுங்க!”

“அவருக்கும் தெரியும்டா கண்ணு,” என்று சொல்லி லவோன் வண்டியைக் கிளப்பினார்.