வருஷத்துக்கு ஒரு ஊசி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். மருந்தைப் பற்றி எழுத உனக்கென்ன தெரியும் என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மருந்தும் கூடவே வந்துவிட்டது.

அம்மா அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் கோயமுத்தூரைத் தாண்டி மதுக்கரையில். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இந்த மருந்து வரும்வரை, அவள் ஒரு ராத்திரிகூட என் வீட்டில் தங்கியதில்லை. மத்தியானம் வருவாள், ஒரு வாய் சாப்பிடுவாள், "மாடு கத்தும் அம்மணி, பால் பீச்சோணும்" என்று எழுந்துவிடுவாள். காலையில் நான் எழுந்து வரும்போது அம்மா என் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

போன வருஷம் கட்டுத்தரையில் மாட்டைப் பிடிக்கப் போனவள் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு மெலிந்துவிட்டது என்று வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் குனியாமல், படுக்காமல் இருக்க வேண்டும். அம்மாவோ விழுங்கிய கையோடு மாட்டடியில் குனிந்து பால் பீச்சினாள். நெஞ்செரிச்சல் தாங்காமல் போன பிறகுதான் எனக்குச் சொன்னாள். கோயமுத்தூரில் எலும்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்கம்மா, ஒரு அரை மணி நேரம் மாடு பொறுக்காதுங்களா?"

"மடி கட்டிக்குமுங்க. நீங்க வந்து அதுகிட்டச் சொல்லிப் பாருங்க."

இனி இரண்டு வழி என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. அதில் நாள் தள்ளக் கூடாது, பாதியில் விட்டால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். இல்லாவிட்டால் வருஷத்துக்கு ஒரு தரம் டிரிப்ஸில் ஏற்றும் மருந்து. முதல் தடவை சிலருக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வரும், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். சில வருஷம் போட்டுவிட்டு, எலும்பைப் பார்த்து நிறுத்தியும் வைக்கலாமாம்.

ஆறு மாத ஊசி என்றால் வருஷத்தில் இரண்டு தடவை அம்மா இந்தப் பக்கம் வருவாள், என் வீட்டில் தங்கவும் கூடும் என்று என் மனசு கணக்குப் போட்டது.

"நீ என்ன சொல்ற கண்ணு?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"உங்களுக்கு எது தோதோ அதுங்கம்மா."

அம்மா டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். "எழவு, கல்யாணம், மாடு கன்னு போடறதுன்னு எப்ப எது வருமோ. நாள் தவறாம வாரேன்னு வாக்குக் குடுக்க என்னால ஆகாதுங்க. வருஷ ஊசியே போடுங்க."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் என் கணக்கில் ஒரு தடவை குறைந்துபோனது.

அடுத்த வாரம் ரத்தச் சோதனை எல்லாம் சரியாக இருந்ததால் மருந்தை ஏற்றினார்கள். "இன்னிக்குத் தனியா இருக்க வேண்டாமுங்க, மக ஊட்டுல இருங்க" என்றார் டாக்டரம்மா. பக்கத்துத் தோட்டத்துக்குப் போன் போட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா என்னோடு வந்தாள். சாயங்காலமே கட்டிலில் புது விரிப்பு போட்டேன். ரசம் வைத்தேன். போக வர நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"என்ன அம்மணி, காச்சல் வராதான்னு பாக்கறயாட்ட இருக்குது?"

"அப்படியெல்லாம் இல்லீங்கம்மா" என்று அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. நான் எழுந்து வந்தபோது குளித்துப் புடவை மாற்றி உட்கார்ந்திருந்தாள். காப்பி குடித்துவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஊருக்குப் போனாள்.