கூடைக்குக் கை வைத்தவள்

திருப்பதி மாவட்டம் என்றதும் எல்லோருக்கும் மலைதான் கண்முன் வரும். அந்த மாவட்டத்துக்கு ஒரு கடலும் உண்டு என்றால் திருப்பதிக்காரர்களே "அப்படியா?" என்பார்கள். அந்தக் கடலோரத்தில் இருக்கிறது உப்புமேடு. முன்பு வெறும் மீனவர் குப்பம். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஓடத் தொடங்கியதும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்குக் குடியேறினார்கள். மாடி வீடும் செல்போன் கடையும் முளைத்து, இன்று புறநகர் என்று மார்தட்டிக்கொள்கிறது. அங்கே மெடிக்கல் ஷாப்புக்கு அடுத்த கதவில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருப்பவள்தான் ரூபா.

ரூபாவின் சொந்த ஊர் சித்தூருக்குப் பக்கம், கங்காதர நெல்லூர். அப்பா நாகையா பிறத்தியார் நிலத்தில் மண்வெட்டி பிடித்தவர். களத்தில் நெல் எவ்வளவு குவிந்தாலும் சாயங்காலம் அவர் மடியில் விழுந்தது கூலி மட்டும்தான். இப்போது அவருக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. மகள் பட்டம் வாங்கிய அன்று தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தார். என்ன படிப்பு என்று கேட்டவர்களிடம், "கை கால் வராதவங்களுக்கு வரவெக்கிற படிப்பு" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

உப்புமேட்டில் கம்பெனி ஆட்கள் கழுத்து வலி, இடுப்பு வலி என்று ரூபாவிடம் வந்தார்கள். குப்பத்து ஜனம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, இது என்ன டாக்டர் என்று சிரித்தார்கள். அவர்களில் முதலில் உள்ளே வந்தவள் மீன்காரி சென்னம்மா. அவளும் ஆசைப்பட்டு வரவில்லை, வேறு வழியில்லாமல்தான் வந்தாள்.

சென்னம்மா கரையில் வழுக்கி விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் எலும்பு உடைந்தால் யாரும் யோசிப்பதில்லை, நேராகப் புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவளும் போட்டுக்கொண்டாள். கட்டுப் போட்டவர்கள் சொன்ன நாளில் போய் அவிழ்த்திருந்தால் வம்பே இல்லை. கட்டு இருக்க இருக்க எலும்பு கெட்டிப்படும் என்று தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, கட்டை விட்டுவைத்தாள். கடைசியில் அவிழ்த்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. கைதான் மடங்கவில்லை.

மடங்காத கையை வைத்துக்கொண்டு மீன் கூடையைத் தலைக்கு ஏற்ற முடியாது. வேறு யாராவது தூக்கி விட்டால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். உப்புமேட்டுக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் எடுத்தவளின் கூடையை இன்னொருத்தி கை வைத்துத் தூக்கிவிட்டால், அந்த மீனில் அவளுக்கும் பங்கு. அவள் கேட்கவே வேண்டாம், கொடுத்தே ஆக வேண்டும். தினமும் இப்படிப் பங்கு போனால் சென்னம்மாவுக்கு மிஞ்சுவது செதில்தான். மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது முடிந்து படகுகள் திரும்பும் நாளில் கூடையைத் தானே தூக்க வேண்டும். இல்லாவிட்டால், புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நடத்திய வியாபாரத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

"நல்லா எண்ணெ ஊத்தி நீவி உடு பொண்ணு. வெடுக்குனு ஒரு இழுப்பு இழுத்தா வந்துடும்" என்றாள் சென்னம்மா.

"இழுத்தா இன்னும் இறுகிப்பூடும் அக்கா. நீங்கதான் மடக்கணும். நான் புடிச்சிக்கினு இருப்பேன்."

"நானே மடக்கறதுக்கு உன்னாண்ட எதுக்கு வரணும்?"

அப்படிக் கேட்டாலும் வந்தாள். ரூபா சூடாக ஒத்தடம் கொடுத்து, அந்த முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொள்வாள். சென்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மடக்குவாள், ரூபாவின் ஏழு தலைமுறையையும் தெலுங்கில் திட்டுவாள். ரூபாவுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒருநாள் சென்னம்மா கோபித்துக்கொண்டு வரவில்லை. ரூபா அவள் வீட்டு வாசலிலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது. "தோ பார்றா, டாக்டரே வூட்டுக்கு வந்துகீது!" என்று யாரோ சொன்னதும் சென்னம்மாவுக்கு மானம் போய், கையை நீட்டினாள். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை.

பிறகு ஒரு காலையில் கிளினிக் கதவைத் திறப்பதற்குள் ஓடி வந்தாள். "ராத்திரி இந்தக் கையாலயே சோறு துன்னேன் பொண்ணு!" என்று சொல்லிவிட்டு அழுதாள். ரூபாவுக்கும் கண் கலங்கியது. அன்றே ஒரு கூடையில் ஈர மணலைப் போட்டுத் தூக்கச் சொன்னாள். கை பலப்படப் பலப்பட மணலையும் ஏற்றிக்கொண்டே போனாள்.

தடைக்காலம் முடிந்து படகுகள் வந்த விடியற்காலையில் ரூபாவும் கரைக்குப் போனாள். சென்னம்மா எப்போதும்போலச் சத்தம் போட்டு ஏலம் எடுத்தாள். கூடையை முட்டிக்கு ஏற்றினாள், மார்புக்கு ஏற்றினாள். அங்கே முழங்கை நடுங்கி நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் கை நீட்டினார்கள்.

"யாரும் கை வெக்காதீங்க!" என்று கத்தினாள் சென்னம்மா.

ரூபாவின் கையும் தானாக எழுந்திருந்தது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் செய்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான் என்று தோன்றியது. சென்னம்மா மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு எக்கு எக்கினாள். கூடை தலையில் போய் உட்கார்ந்தது. மீன் தண்ணீர் முகமெல்லாம் வழிய, அந்த அம்மாள் ராணி மாதிரி நின்றாள். ரூபாவுக்குப் பெருமை நெஞ்சு கொள்ளவில்லை.

சென்னம்மா வலது கையை மடக்கித் தலைக்கு மேல் கொண்டுபோய், கூடையிலிருந்து பெரிய வஞ்சிரம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தா, உன் பங்கு."

"நான் கை வெக்கவே இல்லியே அக்கா."

"கூடைல வெக்கல. இந்தக் கைக்குக் கீழ தெனமும் உன் கையத்தானே வெச்சிக்கினு இருந்தே? வழக்கம்னா வழக்கம்தான். வாங்கிக்கோ டாக்டரம்மா."

கரையில் ஒருத்திகூட மறுத்துப் பேசவில்லை. ரூபா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஈரக் கையோடு அங்கேயே அப்பாவுக்கு போன் போட்டாள்.

"நைனா, இன்னிக்கு எனுக்கு மீன் குட்த்தாங்க."

"கூலிக்குப் பதிலாவா கண்ணு?"

"இல்ல நைனா. பங்கு."

அந்தப் பக்கம் நாகையா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது. "எம் பொண்ணுக்குப் பங்கு குட்த்துக்கீறாங்கடா!"