முயலின் முதுகில் ஊதியவர்

அந்த மனிதர் முயலின் முதுகுக்கு வாயைக் கிட்டக் கொண்டுபோய் 'உஃப்' என்று ஊதினார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

கறிக்கு வாங்குகிறவர் என்ன செய்வார்? தூக்கிக் கனம் பார்ப்பார், தொடையை அமுக்கிப் பார்ப்பார். இவரோ ரோமத்தை ஊதிப் பிரித்து, அடியில் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்: "ராவுல இங்க நல்லாக் குளிருமா தங்கச்சி?"

கறிக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம்?

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் அக்கா தானே பலகை அடித்துக் கட்டிய கூடு அது. விடிந்ததும் வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்கு ஓடுவதும் கொழுந்துக் கூடையும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. முயல்தான் வழி என்று நம்பியிருந்தாள். வேனில் வந்த இவர் குட்டிகளைச் சும்மா கொடுத்து, "வளத்து வைங்க, கறிக்கு நானே எடுத்துக்கிறேன்" என்றாராம். சும்மா என்றதுமே எனக்கு உறுத்தல். பதுளையில் படிக்கிற நான் லீவுக்கு வந்திருந்தேன்.

சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறிப் போனில் தேடினேன். கூண்டில் அடைத்து வளர்த்து, தோல் கெடாமல் கொன்று, ரோமத்தோடு கோட்டுக் கழுத்தில் தைத்து விற்கும் வியாபாரம். குளிரில்தான் ரோமம் அடர்ந்து வளருமாம். யாருக்கும் தேவையில்லாத ஆடம்பரம். அதை ஒழிக்கச் சொல்லிப் பல நாடுகளில் போராடுகிறார்கள். சில நாடுகள் பண்ணைகளை மூடியும் விட்டன. அங்கே கதவடைத்தால் இப்படிக் குளிர்மலை தேடி வருவார்களோ?

இறங்கி வந்து சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆடு அடிச்சா தோல தப்பு மேளம் கட்டக் குடுக்குறோமே, அப்ப எங்கடி போச்சு ஒன் ஞாயம்?"

"அங்க கறி போக மிச்சந்தான்க்கா தோலு. இவருக்குத் தோலுதான் சரக்கு. அதையும் மறைக்கிறாரு பாரு."

"பாண் விக்க வர்ற வண்டிக்காரன் பாட்டுப் போட்டாக்கூட எதுக்குப் போடுறான்னு கேக்குறவ நீ!"

ஆனால் சாயங்காலம் புல் போடப் போனவள், கறுப்பு முயலைத் தூக்கி அதன் முதுகில் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ஒண்ணோட ஒண்ணு சண்ட போட விடாதீங்க, கீறல் பட்டா எடுக்க மாட்டேன்னாரு. கறியில என்னடி கீறல்?"

நான் புல்லை வாங்கிக் கூட்டில் போட்டுக்கொண்டே, அவரைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வருகிறது. நாங்களே உரித்துக் கறியாகத் தருகிறோம், தோல் எங்களுக்கு வேண்டும் என்று அக்கா சொல்லப் போகிறாள். யோசனை என்னுடையது, நிபந்தனை அவளுடையது.

"சரின்னுட்டாருன்னா நீ வாயத் தொறக்கக் கூடாது."

"மாட்டேன்னுட்டா?"

"ஒரு முயலும் இங்கருந்து போகாது. மேல் லயத்துலயும் குட்டி வாங்கப் பேர் குடுத்திருக்காங்க. அவங்ககிட்டயும் ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம்."

அவர் வாய் எதையும் சொல்லும். அதனால் அன்றைக்குக் கூட்டுப் பக்கத்தில் நின்று அவர் கைகள் தொடையை அமுக்குகின்றனவா, ரோமத்தைப் பிரிக்கின்றனவா என்றுதான் பார்க்கப் போகிறேன்.