தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா

பல வருடங்களுக்கு முன், நான் போலீஸில் சேர்ந்த புதிது. கேரள எல்லையில் ஏதோ தகராறு என்று போடிநாயக்கனூர் பக்கம் 144 தடை உத்தரவு போட்டிருந்தார்கள். வெளியூர் ஆயுதப்படையில் இருந்த எங்களைப் பந்தோபஸ்துக்கு அனுப்பினார்கள். போடிமெட்டு மலைப்பாதை தொடங்குகிற அடிவாரத்தில் எனக்கு டூட்டி.

மலையில் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஒன்றுகூட ஓடவில்லை. பல நாள் வேலை இல்லாமல் இருந்த தோட்டத்துப் பெண்கள் அன்று காலை திரண்டு வந்து, பாதையைத் திறந்துவிடச் சொல்லி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள்.

விடியற்காலையில் வேனை விட்டு இறங்கியதிலிருந்து நின்றுகொண்டே இருந்தேன். ஒதுங்க ஓர் இடம் கிடையாது. எங்கள் பக்கம் சில பெண் காவலர்களைத் தவிர எல்லோரும் ஆண்கள். பாத்ரூம் போகவேண்டுமே என்று பயந்து நான் தண்ணீரே குடிக்கவில்லை. போதாததற்கு, இன்னும் சில நாள் கழித்து வரவேண்டிய மாதவிலக்கு அன்றைக்கே வந்துவிட்டது. காக்கி பேன்ட்டில் கறை பட்டுவிடுமோ என்ற பதைப்பில் வயிற்றுவலிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தயங்கித் தயங்கி எஸ்.ஐ.யிடம் போய், "சார், கொஞ்சம் வெளியே..." என்று ஆரம்பித்தேன். "லைனை விட்டு யாரும் நகரக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

முன்வரிசையில் கோஷம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். கோஷம் ஓய்ந்த நேரத்தில், "ஏ ஆத்தா, இங்க வா" என்று கூப்பிட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, "பேசாம உக்காருங்க" என்று அதட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தி, "முடியலையா? காலை மாத்தி மாத்தி நிக்கிறியே" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது.

அவர் சட்டென்று எழுந்து, தடுப்போரம் நின்ற இன்ஸ்பெக்டரிடம் நேராகப் போனார். நாங்கள் பதறிப்போய் லத்தியை இறுக்கிப் பிடித்தோம்.

"அய்யா, அந்தப் பிள்ளைக்கு ஒதுங்கணும். எங்க வீடு இந்தா இருக்கு, கூட்டிட்டுப் போய் வெரசா கொண்டாந்து விட்டுர்றேன். அதுவரைக்கும் இங்க ஒரு ஆளு அசைய மாட்டாக."

அத்தனை பேர் முன்னால் கேட்டதில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்ஸ்பெக்டர் மலையைப் பார்த்தபடி, போகச் சொல்லித் தலையை ஆட்டினார்.

ரோட்டோரத்து வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. வாளியில் தண்ணீர் வைத்தார். மகளுடைய அலமாரியிலிருந்து நாப்கின் எடுத்துக் கொடுத்தார். நான் வெளியே வரும்வரை என் லத்தியையும் தொப்பியையும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். மோர் கொடுத்துக் குடிக்க வைத்தார். திரும்பி வந்ததும் பழைய இடத்தில் உட்கார்ந்து, விட்ட கோஷத்தை மறுபடி ஆரம்பித்தார். சொன்னபடி யாரும் நகர்ந்திருக்கவில்லை.

மதியத்துக்கு மேல் எல்லோரையும் கைது செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அவர்கள் எழ மறுத்தார்கள். தூக்கித்தான் வேனில் ஏற்றவேண்டும். எனக்கு எதிரே இருந்தது அந்த அக்கா. கை வரவில்லை. பக்கத்தில் எல்லோரும் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஒஞ் சோலியப் பாரு" என்றார். "தோளைப் பிடிக்காத, வலி இருக்கு. இடுப்போட சேத்துத் தூக்கு."

அவர் சொன்னபடியே இன்னொரு பெண் காவலருடன் சேர்ந்து தூக்கினேன். என் காதோரத்திலேயே, "தெறந்துவிடு, பாதையத் தெறந்துவிடு!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

கைதானவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தோம். எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்தவள், அவர் பக்கத்தில் வந்ததும் கேட்டேன்: "கோவமாக்கா?"

"ஒம்மேல என்ன கோவம்? ஆனா பாதை தெறக்குற வரைக்கும் நாளைக்கும் வருவோம், பாத்துக்க" என்று சிரித்தார். சாயங்காலம் எல்லோரையும் விட்டார்கள். மறுநாளும் வந்தார், மறுநாளும் தூக்கினோம். அந்த வாரமே ஜீப்புகள் மலையேற ஆரம்பித்தன. எங்களையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்று நான் ஏட்டு. எந்த ஊர் பந்தோபஸ்துக்குப் போனாலும், தடுப்பு போடுவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் கதவைத் தட்டி, பெண்கள் போய்வர ஒரு வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்துவிடுகிறேன். என்னோடு நிற்கும் பெண்களுக்கு மட்டுமல்ல, எதிரே உட்கார வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். தன் வழியை மறித்து நின்றவளின் வலியைக் கண்டுகொள்ள ஒருவருக்கு மனசு இருந்ததே, அந்த மனசு எனக்கும் வாய்க்கவேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறை தொப்பியைப் போடும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.