மொன்றியலுக்குக் கொண்டுபோன மூன்று அட்டைகள்

இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சாப்பாட்டுக்கடை, நீர்வீழ்ச்சி என்று எழுதுகிறவள் நான். இந்த முறை அப்படி ஒன்றும் கிடையாது. போன ஒக்ரோபரில் ஒரு வியாழக்கிழமை ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் போனது என் அண்ணைக்காக.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட, அங்கே அப்போது ஆண்ட இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். எடுப்பவர் திரும்பி வருவார் என்பதற்கு வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். எனக்கு அண்ணை நின்றார். பாஸ் ஒரு மாதத்துக்குத்தான். நான் கனடாவுக்கு வந்துவிட்டேன், திரும்பிப் போகவில்லை. அதனால் அவருக்குப் பாஸ் கிடைக்கவே இல்லை. இங்கிருந்து பதிவுத் தபாலில் கடிதங்கள் போட்டேன். பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பும் இளஞ்சிவப்பு அட்டை மூன்று தரம் வந்தது. அதோடு சரி. இப்போது இலங்கையில் அவரைக் காணாமல் போனவராகப் பதிவதற்கு, கடைசியாக உயிரோடு இருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். என்னிடம் இருந்தவை அந்த மூன்று அட்டைகள்தான்.

ஷேர்லிக்கு எண்பத்து நான்கு வயது. சோவியத் நாட்டை விட்டுப் போக அனுமதி மறுக்கப்பட்ட யூதர்களுக்காக மொன்றியலில் வருஷக்கணக்காகப் போராடியவர். இணையத்தில் நடந்த ஒரு நூலகக் கூட்டத்தில், இதே மாதிரி அட்டைகளை வைத்துத்தான் கடிதம் போய்ச் சேர்ந்ததை அறிந்தோம் என்று சொன்னார். மின்னஞ்சல் போட்டேன். "கொண்டு வா, பார்க்கிறேன்" என்று பதில் வந்தது.

காலை 7.15க்குப் பஸ். 540 கிலோமீற்றர், 58 டொலர். 1.50க்கு இறங்கி, மெற்றோவில் பச்சை லைன் எடுத்து ஐந்தாவது நிறுத்தமான கை-கொன்கோர்டியாவில் இறங்கி வெளியே வந்தால், முன்னால் மேடு. என் முழங்காலுக்கு அது சரிவராது. டக்சி பிடித்தேன். சாரதி செயின்ட்-மிஷேலில் இருக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி.

"அங்கை பாக்க ஒண்டும் இல்லையே அக்கா. ஆரிட்டைப் போறியள்?"

"ஒரு யூத அம்மாவிட்டை. அண்ணையின்ரை விசயம்."

இறங்கும்போது மீற்றர் பதினொரு டொலர் காட்டியது, அவர் பத்துப் போதும் என்றார்.

சோவியத் துணைத் தூதரகம் இருந்த தெருவில், எதிர்ப்பக்க வாங்கில் ஷேர்லி உட்கார்ந்திருந்தார். வாராவாரம் இங்கேதான் நின்றார்களாம், ஆளுக்கொரு பெயர் எழுதிய பலகையோடு, மைனஸ் இருபத்தைந்திலும். அவர் பலகையில் இருந்த பெயர் லேவ், லெனின்கிராட் பொறியியலாளர்.

"லேவுக்கு நாற்பது கடிதம் போட்டேன். நாற்பது அட்டையும் கையெழுத்தோடு வந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தோஷப்பட்டேன். கடைசியில் அவனை விட்டார்கள். விமான நிலையத்தில், என் கடிதங்கள் ஆறுதலாக இருந்ததா என்று கேட்டேன். எந்தக் கடிதம் என்றான்."

ஒன்றுகூட அவன் கைக்குப் போகவில்லை. வேறு யாரோ கையெழுத்து வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் நேரம் போதாமல் ஷேர்லி பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறார்.

"நாற்பதும் அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருந்தன. அதைக்கூட நான் கவனிக்கவில்லை. உன்னுடையதைக் காட்டு" என்றார்.

வாங்கில் வரிசையாக வைத்தேன். அண்ணைக்கு இரண்டு தரம் ஒரே மாதிரிக் கையெழுத்து வைக்க வராது. வங்கியில் படிவத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள், நானே கேலி பண்ணியிருக்கிறேன். மூன்று அட்டையிலும் சுழி, கோடு, புள்ளி எல்லாம் ஒன்று. முப்பது வருஷமாக அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேனே தவிர, பார்க்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. அட்டைகள் பறக்காமல் ஷேர்லி தன் கையுறையைக் கழற்றி மேலே வைத்தார்.

போகிறவர்களுக்கு: ஒக்ரோபரிலேயே தடித்த ஜக்கெட் வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள், டவுன்டவுனில் ஓர் இரவு தங்குங்கள். அந்தத் தெருவில் நினைவுப் பலகை எதையும் நான் காணவில்லை, வாங்கு மட்டும் இருக்கிறது. வெளியே வர முடியாமல் இருக்கிற யாருக்காவது கடிதம் போடுகிறீர்களா? அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியை அதில் கேளுங்கள். லேவுக்குப் பிறகு ஷேர்லியின் ஆட்கள் அப்படித்தான் செய்தார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் படிவத்தை எழுதினேன். கடைசியாக உயிரோடு இருந்த நாள் என்ற இடத்தில் அட்டைகளின் திகதியைப் போடவில்லை. எனக்காக, என் கண் முன்னால், அவர் பிணைக்குக் கையெழுத்து வைத்த நாளைப் போட்டேன். சாட்சி என்ற இடத்தில் என் பெயர்.