கை வைக்காத புத்தகம்

பிரதேச சபை அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்துக் கேட்ட கேள்வி இதுதான்: "அக்கா, உங்களை எந்தப் பக்கம் போடுறது?"

நான் மத்தியானச் சமையலில் நின்றேன். சபையில் எந்த வரிசையில் இருக்கப்போகிறேன் என்று கேட்கிறாராக்கும் என நினைத்து, "நாங்கள் சுயேச்சைக்குழு, ரெண்டு பேர்தானே வந்திருக்கிறம். எங்கை இருத்தினாலும் ஒண்டுதான்" என்றேன்.

"அதில்லை அக்கா. சத்தியப்பிரமாணத்துக்கு ரெண்டு மேசை போடுறம். வேதக்கார மெம்பர்மாருக்கு பைபிள் வைச்ச மேசை. சைவக்கார மெம்பர்மாருக்குக் குத்துவிளக்கும் ஒரு புத்தகமும் வைச்ச மேசை. உங்கடை பேரைப் பார்த்தால் வேதம். எலெக்சன் நோட்டீசிலை பொட்டோடை நிக்கிறியள். அதுதான் கேட்டனான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணந்தது.

அந்தத் தம்பியில் பிழை சொல்ல முடியாது. நான் நீர்வேலியில் வாழைத்தோட்டக்காரச் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். கலியாணம் முடித்தது பருத்தித்துறைப் பக்கம் கடற்கரைத் தேவாலயப் பங்கு ஒன்றில், கடல்தொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பத்தில். கோயிலில் தாலி கட்டுவதா தேவாலயத்தில் மோதிரம் மாற்றுவதா என்ற இழுபறியில் தேவாலயம் வென்றது. அதற்காக ஞானஸ்நானம் எடுத்தேன். அப்பா அன்றைக்கு என்னோடு கதைப்பதை விட்டவர், ஒன்பது வருடம் ஒரு சொல் இல்லை. மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒருநாள் ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். விறாந்தையில் இருந்தார். தண்ணீர் குடித்தார். சாப்பிடச் சொல்லிக் கேட்டதற்கு, "மீன் மச்சம் சமைக்கிற சட்டி, பிள்ளை" என்றார்.

அதன் பிறகு மாதத்துக்கு ஒருமுறை வருவார். எப்போதும் வாழைப்பழம், எப்போதும் தண்ணீர். காரணம் சட்டி மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரியும், என் கணவரின் அம்மாவான மாமிக்கும் தெரியும். தோட்டக்காரர் வீட்டுக்கும் கடற்கரை வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பஸ்காரனைக் கேட்டால் பிழையான கணக்குத்தான் சொல்வான். சட்டி என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வசதி.

மாமி விடிய எழும்பிப் பூசைக்குப் போகிறவர். இந்தப் பங்கில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. எனக்கு விழுந்த வாக்குகளில் பாதி மாமிக்கு விழுந்தவை. பாலர் பாடசாலை ரீச்சராக நான் இருபது வருடம் மூக்குச் சளி துடைத்துவிட்ட புண்ணியம் மற்றப் பாதி.

ஆக, நிலைமை இதுதான். ஊரறிய பைபிளில் கை வைத்தால், அந்தப் படம் பின்னேரமே முகநூலில் வரும், நீர்வேலியில் யாராவது அப்பாவிடம் காட்டுவார்கள். அப்பா திரும்பவும் ஒன்பது வருடம் கதையாமல் இருந்தால், எழுபத்தெட்டு வயதில் அதற்குப் பிறகு கதைக்க அவருக்குக் காலம் இருக்குமா? கை வைக்காமல் மற்ற மேசைக்குப் போனால், மாமி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எந்த முகத்தோடு போய் முழங்காலில் நிற்பார்?

கணவரிடம் கேட்டேன். "உமக்கு எது சரியெண்டு படுதோ அதைச் செய்யும்" என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து இவரிடம் நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் இதுதான் பதில். வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எரிச்சல் எனக்கு அந்தப் புத்தகங்களில் இல்லை. குப்பை அள்ளவும், ஒழுங்கைக்குக் கல் போடவும், சந்தைக் கூரையைத் திருத்தவும் வருகிறவர்களுக்கு எதற்குக் கடவுள் சாட்சி? கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பதவி ஏற்றவர்கள் எத்தனை பேரைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டோம். கையைத் தூக்கும்போது முகத்தில் ஒரு பக்தி, இறக்கும்போது அது அங்கேயே விழுந்துவிடும். பொய் சொல்கிறவனை எந்தப் புத்தகம் தடுத்தது? மெய் சொல்கிறவனுக்கு அது எதற்கு? இப்படியெல்லாம் மனதுக்குள் நன்றாகத்தான் வாதாடினேன். ஆனால் அப்பாவிடமும் மாமியிடமும் போய் வாயைத் திறக்கத் துணிவு வரவில்லை.

பதவியேற்பு நாள் வந்தது. அப்பா காலையிலேயே பஸ் பிடித்து நேரே சபைக்கு வந்திருந்தார். கையில் வழக்கமான பை. மாமி என்னோடு ஓட்டோவில் வந்தார். மடியில் அவருடைய கறுப்புத் தோல்பை. அதன் வாயில் அவரது சொந்த பைபிளின் விளிம்பு தெரிந்தது. அலுவலகப் புத்தகம் போதாதென்று வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிட்டார்.

மண்டபத்தில் தம்பி சொன்னபடி இரண்டு மேசை. இடப்பக்கம் வெள்ளைத் துணி விரித்து பைபிள். வலப்பக்கம் பட்டுத்துணி, நிறைகுடம், குத்துவிளக்கு, திருநீற்றுத் தட்டம், அவற்றுக்கு நடுவில் அட்டையில் கண்ணன் படம் போட்ட ஒரு புத்தகம். அப்பா பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "தம்பி, உது எங்கடை புத்தகமே? தேவாரப் புத்தகம் ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"படங்களிலை கோட்டுச் சாட்சிக்கூண்டிலை இதைத்தானே ஐயா வைக்கிறவை" என்றார் தம்பி, பாவம்.

"அது இந்தியாப் படம்" என்று அப்பா சொன்னார். பக்கத்தில் நின்ற சைவ உறுப்பினர்கள் இரண்டு பேர், ஒரு புத்தகமும் கட்டாயம் இல்லை, விளக்கே போதும் என்று சொல்லி அதை மெதுவாக மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார்கள்.

பிறகு ஆளுக்கொரு படிவம் தந்தார்கள். கதிரையில் இருந்து வாசித்தேன். நடுவரியில் 'உறுதி செய்கிறேன்' என்றும், ஒரு சாய்ந்த கோடு போட்டு, 'சத்தியம் செய்கிறேன்' என்றும் இருந்தது. கீழே சின்ன எழுத்தில், பொருத்தமற்றதை வெட்டிவிடுக. உறுதி செய்கிறவருக்குக் கை வைக்கப் புத்தகமே தேவையில்லை. நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒரு கிழமை நித்திரை இல்லாமல் தலையைப் பிய்த்துக்கொண்டு கிடந்ததற்கு, விடை அந்தச் சாய்ந்த கோட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, யாரையாவது பிடித்து ஏசவேண்டும் போலவும் இருந்தது.

என் முறை வந்தது. பதவிப்பிரமாணம் செய்துவைத்த சமாதான நீதவான் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர். இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றார். நான் அவர் முன்னால் போய் நின்று பேனாவால் 'சத்தியம் செய்கிறேன்' என்பதை வெட்டினேன்.

"எந்த மேசை, பிள்ளை?"

"ஒரு மேசையும் வேண்டாம், ஐயா. இதிலேயே நிண்டு வாசிக்கிறன்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சட்டப்படி ஒரு குறையும் இல்லை. வாசியும்" என்றார்.

வாசித்தேன். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். கையெழுத்து வைத்து நிமிர்ந்தபோது நெஞ்சில் இருந்து ஒரு மூடை இறங்கிவிட்டது. அது இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டாவது வரிசையில் மாமி தோல்பையை அணைத்துக்கொண்டு இருந்ததைக் கண்டேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நானே கேட்டுவிட்டேன். "மாமி, கோவமோ?"

"என்னத்துக்கு?"

"பைபிளிலை கை வைக்கேல்லை எண்டு."

மாமி தோல்பையைத் திறந்து தன்னுடைய பைபிளை எடுத்தார். அதற்குள் என் கணவரின் தம்பியின் படம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். யுத்தத்தின் கடைசிக் காலத்தில், வேலைக்கென்று எங்கள் ஒழுங்கையால் சைக்கிளில் போனவர். இன்னும் வரவில்லை.

"கட்டாயம் வைக்கத்தான் வேணும் எண்டு சொன்னால், இதிலை வை எண்டு தரத்தான் கொண்டந்தனான்" என்றார். "அங்கை கிடந்த புத்தகத்திலை எத்தினை பொய்க் கை பட்டிருக்குமோ. என்ரை பிள்ளையைக் கேட்டு நான் எத்தினை விசாரணைக்குப் போனனான். ஒவ்வொரு இடத்திலையும் பைபிளிலை கை வைச்சு மெய்தான் சொன்னனான். கேட்டு எழுதினவையும் தங்கடை தங்கடை சத்தியத்தைப் பண்ணிப்போட்டுத்தானே உத்தியோகத்துக்கு வந்தவை. என்ன நடந்தது? நீ எனக்காக எண்டு கையை வைச்சுப்போடுவியோ எண்டு ஒரு கிழமையாய் எனக்குப் பயம், பிள்ளை. இப்பதான் நிம்மதி."

நான் ஒரு கிழமை. அவர் ஒரு கிழமை. ஒரே குசினியில் நின்று, ஒரே தேங்காயைத் துருவிக்கொண்டு, இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்திலேயே மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். யாரோ அதைப் படம் எடுத்து, 'ஆனந்தக் கண்ணீர்' என்று முகநூலில் போட்டார்கள்.

அப்பா பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "தெளிவாய் வாசிச்சாய்" என்றார். அவ்வளவுதான். பிறகு மாமியிடம், "அம்மா, ஓட்டோவிலை எனக்கும் இடம் இருக்குமோ?" என்று கேட்டார். ஒன்பது வருடமும், அதற்குப் பிறகு விறாந்தையில் இருந்த வருடங்களும் சேர்த்து, அப்பா மாமியை நேரே பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

வீட்டுக்கு வந்தால், குசினியில் ஆறு புது மண்சட்டி. சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, கீரை, ரசம். விடிய நான் சேலை உடுக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு அடுப்பில் வைத்து மாமி சமைத்து முடித்திருக்கிறார். "ஒரு சட்டியிலும் மச்சம் படேல்லை" என்று அப்பாவுக்குச் சொல்லி வாழையிலையைப் போட்டார். அப்பா சட்டிகளைப் பார்த்தார். இனிச் சொல்வதற்கு அவரிடம் காரணம் ஒன்றும் மிச்சம் இல்லை. உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடியும் நேரம் மாமி என்னைப் பார்த்து, "மெம்பர் அம்மா, எங்கடை ஒழுங்கை லைற் எரிஞ்சு எத்தினை வருசம்? அதைப் போடுவியோ?" என்றார்.

"ஓம் மாமி, போடுவிக்கிறன்."

"சத்தியமாயோ?" என்று மகள் இடையில் புகுந்தாள்.

கை கழுவிக்கொண்டிருந்த அப்பா திரும்பாமலே சொன்னார்: "சத்தியம் எல்லாம் கேக்காதை. கொம்மா ஓம் எண்டிட்டாள்."

அந்த 'ஓம்' என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. கம்பம் மின்சார சபையுடையது, விளக்கு பிரதேச சபையுடையது, வயர் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. மூன்று கடிதம், இரண்டு கூட்டம், ஒரு சண்டை. மாமி ஒருநாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பின்னேரம் வாசல் படலையடியில் நின்று அந்தக் கம்பத்தை நிமிர்ந்து பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். எந்தப் புத்தகத்தில் கை வைத்திருந்தாலும் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பொழுதுபட்ட நேரம் விளக்கு எரிந்தது. ஒழுங்கை திரும்புகிற முடக்கிலிருந்து எங்கள் படலை வரைக்கும் மணல் வெள்ளையாகத் தெரிந்தது. நான் மாமியைக் கூப்பிட்டேன். வந்து நின்று, முடக்கு வரைக்கும் கண்ணை ஓட்டிப் பார்த்தார்.

"இனி ஆர் வந்தாலும் படலை தெரியும்" என்றார்.