மட்டையின் கழுத்தில் சந்தனம்

ஒரு பழைய பூப்பந்து மட்டை இன்னும் ஆட்டத்துக்குத் தாங்குமா தாங்காதா என்று தெரிந்துகொள்ள சங்கரன்கோவிலில் ஒரு வழியும் கிடையாது. கருத்துச் சொல்லத் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கையில் வாங்கி ஒழுங்காகப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

போன வருஷம் புரட்டாசி பிறந்ததும் தோழியிடமிருந்து போன் வந்தது. கல்லூரியில் என்னோடு ஒரே அணியில் ஆடியவள். இப்போது புளியங்குடியில் விளையாட்டு டீச்சர். ஆயுத பூஜை லீவில், நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தென்காசியில் பூப்பந்துப் போட்டி வைக்கிறார்களாம். அணிக்கு ஐந்து பேர் வேண்டும். நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், பின்வரிசைக்கு மட்டும் ஆள் இல்லை.

"ஏட்டி, வாரியா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

"வாரேன்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் மைதானத்தில் கால் வைத்ததே இல்லை.

என் மட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. மரச்சட்டம், நல்ல கனம். இன்றைக்கு எல்லோரும் வைத்திருக்கும் மட்டைகள் காகிதம் போல இருக்கின்றன. கையில் எடுத்தால் எதையும் எடுத்த மாதிரியே இல்லை. இதை எடுத்தால் தோள் வரைக்கும் தெரியும். இதை வைத்துக்கொண்டு பின்கோட்டிலிருந்து மஞ்சள் பந்தை எதிராளியின் மூலையில் போய் உட்கார வைத்தவள் நான். இது கையில் இருந்தால் ஆட்டம் திரும்ப வந்துவிடும், இல்லாவிட்டால் வராது என்று எப்படியோ மனசில் விழுந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதுக்காரி இன்னும் ஆடத் தக்கவளா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அதை வேறு யாரும் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொண்டேன்.

முதலில் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். குருவிகுளம் பக்கத்துக் காட்டுக் கிணறுகளில் எரிந்துபோகும் மோட்டாரெல்லாம் அவரிடம்தான் வரும். ஒரு சாமானைப் பார்த்ததும் அதற்கு ஆயுள் சொல்லிவிடுவார். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே மட்டையின் விளிம்பை விரலால் சுண்டினார்.

"கல்லு மாதிரி இருக்கு. என்ன குறை இதுக்கு? வருசம் தப்பாம பூசை போட்டு வச்சிருக்கோம்லா."

அது உண்மைதான். ஆயுத பூஜை என்றால் அவருக்குத் தலைகால் புரியாது. ஸ்பேனர், சுத்தியல், பைக், அரிவாள்மனை, என் கத்தரிக்கோல் என்று ஒன்று விடாமல் துடைத்து, சந்தனம் குழைத்து, குங்குமம் வைப்பார். அந்த வரிசையில் மட்டைக்கும் ஓர் இடம் உண்டு. அதன் கழுத்தில், பிடியும் வட்டமும் சேருகிற இடத்தில், கட்டைவிரல் அளவுக்குச் சந்தனத்தை அப்புவார். மற்ற சாமான்கள் மறுநாளே வேலைக்குப் போய்விடும், பொட்டும் தானாக அழிந்துவிடும். மட்டை ஆணிக்குப் போகும். அதனால் அதன் சந்தனம் அப்படியே காய்ந்து நிற்கும். அடுத்த வருஷம் அதன் மேலேயே இன்னொரு அப்பு.

தோழியிடம் கேட்டேன். "மரப் பேட்டா? இன்னுமா வச்சிருக்க? தூக்கிப் போடுட்டி, கை போயிரும்" என்றாள். பார்க்காமலே தீர்ப்பு. பார்த்துவிட்டுச் சொல் என்றால் சிரிக்கிறாள். போனில் வீடியோ தேடினேன். எவனோ ஒருத்தன் டென்னிஸ் மட்டையைத் தட்டிக் காட்டி, சத்தம் மாறினால் உள்ளே கீறல் என்றான். நானும் தட்டினேன். எங்கள் தெருவில் பகல் முழுக்க விசைத்தறி ஓடும். என் காதில் தறிச் சத்தம்தான் விழுந்தது.

கடைசியில் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு, பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனேன். அங்கே விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில் மட்டைக்கு நரம்பு கட்டித் தருவார்கள் என்று கேள்வி. கவுண்டரில் இருந்தவர் உறையைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் மூடிவிட்டார்.

"இதுக்கெல்லாம் இப்ப நரம்பு கட்டுததில்லக்கா. இழுத்துக் கட்டும்போது முறிஞ்சா எங்களச் சொல்லுவீங்க."

"முறியுமா முறியாதான்னுதான் தம்பி கேக்க வந்தேன். பாத்துச் சொல்லுங்க."

"கழுத்துல ஜாயிண்டப் பாக்கணும். அங்கதான் விடும்."

"பாருங்களேன்."

அவர் மட்டையைத் திருப்பினார். சந்தனத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"பூசையில வச்சதால்லா இருக்கு. இத நான் சொரண்ட மாட்டேன்க்கா. புதுசு காட்டட்டுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வேண்டாம் என்று உறையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மட்டை ஒவ்வொருவர் முழங்காலாக இடித்துக்கொண்டே வந்தது. ஓர் அம்மா, "கொசு அடிக்கிற பேட்டா இது, இம்புட்டுப் பெருசா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. அடுப்படி மேடையில் மட்டையைப் போட்டு, ஈரத்துணியை எடுத்தேன். பொட்டை அழிக்கக் கூடாது என்று என் கையும் ஒரு நொடி தயங்கியது. பிறகு தேய்த்தேன். துணிக்கு அசையவில்லை. தோசைக் கரண்டியால் நெம்பினேன். சந்தனம் பாளம் பாளமாகக் கழன்றது. ஒரு பாளம் வெளுப்பு, ஒன்று மஞ்சள், ஒன்றில் குங்குமம் கறுத்துக் கிடந்தது. எல்லாம் போன பிறகு மரம் தெரிந்தது. ஈரம் குடித்துக் குடித்துக் கறுத்து, ஒட்டுப் பிரிந்து, வாயைத் திறந்திருந்தது. நகத்தை வைத்தேன், உள்ளே போனது. லேசாக வளைத்துப் பார்த்தேன். வட்டம் ஒரு பக்கமும் பிடி ஒரு பக்கமுமாக ஆடியது.

மற்ற இடமெல்லாம் உண்மையிலேயே கல் மாதிரி இருந்தது. பந்தடித்துத் தேய்ந்த இடம்கூட நன்றாக இருந்தது. சந்தனம் வைத்த இடம் மட்டும்தான் போயிருந்தது.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த வீட்டில் யாரும் மறக்காமல் இருந்தது இந்த மட்டையை மட்டும்தான். பூஜைக்குப் பூஜை ஞாபகமாக ஆணியிலிருந்து இறக்கினார்கள், கும்பிட்டார்கள், திரும்ப மாட்டினார்கள். சும்மா மாட்டி வைத்திருந்தால்கூடத் தப்பித்திருக்கும். அதைக் கொண்டு ஒருத்தி ஆடினாள் என்பதுதான் யாருக்கும் ஞாபகமில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் முன்னால் மட்டையை வைத்தேன். அவர் கழுத்தை ஆட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மரியாதையாத்தான வச்சோம்" என்றார்.

"மரியாத வேண்டாம். ஆடியிருந்தா நல்லாருந்திருக்கும்."

"போவேண்டாம்னு நான் என்னைக்காது சொன்னேனாட்டி?"

"சொல்லல. போன்னும் சொல்லல."

அவர் மட்டையை ஓரமாக வைத்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார். நல்ல மனுஷர்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு என்றைக்கோ மைதானத்துக்குப் போயிருப்பேன். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்குக் கண் ஆபரேஷன், கடையில் சீசன் என்று ஒவ்வொன்றும் நியாயமாகவே வந்தது. நியாயமான காரணங்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

மறுநாள் தோழிக்குப் போன் போட்டு, மட்டை போய்விட்டது என்றேன். "அப்ப வரலியா?" என்றாள். அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டதும்தான் எனக்குச் சுரணை வந்தது. அவளுக்கு என் மட்டை என்றைக்குமே வேண்டியிருக்கவில்லை.

அன்று முதல் ஆபீஸ் விட்டதும் புளியங்குடி பஸ். அவளுடைய கார்பன் மட்டை ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டாள். முதல் நாள் நான் அடித்ததெல்லாம் கோட்டுக்கு வெளியே போனது. "கனமா நெனச்சு அடிக்காதட்டி, இது உன் பேட்டு இல்ல" என்று கத்தினாள். மறுநாளும் வெளியேதான். தோள் வலித்தது, முழங்கால் வலித்தது, மட்டையைத் திட்டினேன். பூஜை நெருங்கும்போது பத்துப் பந்துக்கு ஆறு கோட்டுக்குள் விழுந்தது. மனசு ஆறவில்லை, ஆனாலும் ஆடினேன்.

ஆயுத பூஜையன்று விடிந்ததும் வீட்டுக்காரர் குளித்து, பலகையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய மட்டையும் இருந்தது. மோட்டாருக்குப் போடும் வார்னிஷை ஊற்றிக் கழுத்தை ஒட்டி, அதன் மேல் ஈரச் சந்தனம் வைத்திருந்தார். நான் அதைப் பார்த்தேன். ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் புதுப் பேட்டையும் கொண்டா. ஒரு பொட்டு வச்சுத் தாரேன், ராசியா இருக்கும்."

"பூசையில வச்சா நாளைக்குத்தான எடுக்கணும்?"

"ஆமா. அதான முறை."

"எனக்கு இன்னைக்கு ஆட்டம் இருக்கு."

சந்தனக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். நான் மட்டையை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, தென்காசி பஸ்ஸுக்கு நடந்தேன்.